விட்டுப்போன வீடு

ஆலங்கட்டி மழை பெய்த அன்றைக்குத்தான் இம்மகொலாத்தா ஆந்தையைக் கொண்டுவந்தாள்.

செப்டம்பர் மாதம், மதியம் மூன்று மணி இருக்கும். காசல்வெக்கியோவில் திராட்சை அறுப்பு பாதிகூட முடியவில்லை. சுண்டைக்காய் அளவில் விழத் தொடங்கிய கல், கால் மணி நேரத்தில் எலுமிச்சை அளவுக்கு வந்துவிட்டது. கொடிகளுக்கு மேல் இழுத்துக் கட்டிய பிளாஸ்டிக் கூரை கிழிகிற சத்தம் ஊர்வரைக்கும் கேட்டது. அசுந்தா சமையலறை ஜன்னலில் நின்று வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு, கோட்டுக்குள் ஏதோ பெட்டியை அணைத்தபடி மகள் ரொசல்பாவைக் கட்டப்போகும் ரோக்கோவின் அம்மா இம்மகொலாத்தா நின்றாள்.

"இந்த மழையிலயா வந்தீங்க சம்பந்தி?"

"வர்றேன்னு சொன்னா வந்துரணும்ல. கல்லு என் தலையில விழுந்தா அதுவும் கல்யாணச் செலவுல சேந்துக்கிரும்."

மேசைமேல் வெந்து ஆறிக்கொண்டிருந்த மொச்சைச் சட்டியை அவளே ஓரமாகத் தள்ளினாள். பெட்டியைத் திறந்து பஞ்சை விலக்கினாள். உள்ளே உள்ளங்கை அளவில் வெள்ளி முலாம் பூசிய ஆந்தை. கண்ணுக்கு நீலக் கல். அதன் காலில் ஐந்து சர்க்கரைப் பாதாம் கட்டிய வலைப்பை தொங்கியது.

"கையில பிடிச்சுப் பாருங்க. கனம் தெரியுதா?"

அசுந்தா வாங்கிப் பார்த்தாள். கனமாகத்தான் இருந்தது. அதுவும் தன்னைப் பார்த்துச் சலித்துக்கொள்வதுபோல அவளுக்குப் பட்டது.

"இதுதான் விருந்தாளிங்களுக்கு நாம குடுக்கப்போற பொம்பொனியேரா. வர்ற குடும்பத்துக்கு ஒண்ணு, எண்பது குடும்பம். பதினாலு யூரோ சொன்னான், நின்னு பேசிப் பன்னண்டுக்குக் கொண்டாந்துட்டேன்."

"தொள்ளாயிரத்து அறுபது" என்றது ஒரு குரல். ரொசல்பா கடையிலிருந்து வந்திருந்தாள். பேரங்காடியில் பணம் வாங்கிப் போடுகிற பெண், பில் இயந்திரத்தைவிடக் கணக்கில் வேகம். நனைந்த செருப்பைக் கழற்றாமலேயே நின்றாள். "தொள்ளாயிரத்து அறுபதுக்கு வீட்டச் சூடாக்குற கொதிகலன் வருது அத்தை. நாங்க வாடகைக்குப் பிடிச்ச வீட்டுல முன்னாடி இருந்தவன் கொதிகலனைக் கழட்டிட்டுப் போயிட்டான். செவுத்துல கைய வெச்சா ஈரம் ஒட்டுது. ஜனவரியில நானும் ரோக்கோவும் இந்த ஆந்தையக் கட்டிப்பிடிச்சா குளிர் போகும்?"

"வீடுன்னா ஒவ்வொண்ணா வாங்கிக்கலாம் கண்ணு. கல்யாணம் ஒரு தடவதான்."

"குளிரு வருஷா வருஷம் வருதே."

"ரொசல்பா, வாய மூடு" என்றாள் அசுந்தா.

"நீ சொல்லும்மா. உனக்கு வேணுமா இந்த ஆந்தை?"

அசுந்தாவுக்கு ஆந்தை வேண்டாம். ஆனால் ஒன்றுமே கொடுக்காமல் விருந்தாளிகளை அனுப்பவும் முடியாது. இரண்டையும் ஒரே வாயால் எப்படிச் சொல்வது என்று அவள் தடுமாறிக்கொண்டிருக்கையில் அவள் கணவன் கொசிமோ உள்ளே வந்தான். கூலிக்குத் திராட்சைத் தோட்டம் பார்க்கிறவன். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மேற்குப் பக்கம் கூரை பூராவும் போச்சு" என்றான். "குலையெல்லாம் கல்லடி பட்டுப் பொளந்து கெடக்கு. இந்த வருஷம் நவம்பர் வரைக்கும் வேலை நீளாது. அக்டோபர் நடுவுல முடிஞ்சிரும்." பிறகுதான் மேசையைப் பார்த்தான். "இது என்ன பறவை?"

பதிலுக்கு நிற்காமல் அவன் துண்டைத் தேடிக்கொண்டு உள்ளே போய்விட்டான். பேச்சு வளரும் என்று தெரிந்தால் கொசிமோவுக்கு எப்போதும் ஒரு துண்டு தேவைப்படும்.

மழை விட்டதும் இம்மகொலாத்தா புறப்பட்டாள். ஆந்தையை எடுத்துக்கொள்ளவில்லை. "இங்கயே இருக்கட்டும். பாத்துட்டே இருந்தா பிடிச்சுப்போயிரும்" என்றாள்.

மறுநாள் விடிவதற்குள் அசுந்தா திராட்சை அடுக்கும் கொட்டகையில் இருந்தாள். ஊரின் பாதிப் பெண்களுக்கு அந்தத் தகரக் கொட்டகைதான் கோடையும் இலையுதிர்காலமும். ஓடும் பெல்ட்டின் இரண்டு பக்கமும் நின்று, குலையைக் காம்பில் மட்டும் பிடித்துத் தூக்கி, மூக்கு நீண்ட சின்னக் கத்தரியால் கெட்ட பழங்களை நறுக்கி எடுத்து, பெட்டியில் அடுக்க வேண்டும். விரல் பட்டால் பழத்தின்மேல் படிந்த வெள்ளைப் பூச்சு கலைந்துவிடும், ஜெர்மனிக்காரன் வாங்கமாட்டான். கல்லடி பட்ட குலை என்றால் ஒன்றுக்கு மூன்று மடங்கு நேரம். பொளந்த பழத்திலிருந்து சாறு வழிந்து மணிக்கட்டுவரை பிசுபிசுத்தது. குளவிகள் வேறு.

அவளுக்கு நேர் எதிரே தொமேனிக்கா நின்றாள். கொசிமோவின் சித்தப்பா மகள். இரண்டு பேரும் ஒரே பெல்ட்டில் இருபத்தேழு வருஷமாக நிற்கிறார்கள். அந்த இருபத்தேழு வருஷத்தில் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. கத்தரி கேட்க வேண்டுமென்றாலும் பக்கத்தில் நிற்கிற நினேத்தாவிடம் கேட்பார்கள். நினேத்தா வாங்கி எதிர்ப்பக்கம் நீட்டுவாள். "நான் என்ன தபால்காரியா?" என்று நினேத்தா முதல் பத்து வருஷம் கேட்டுப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

அசுந்தாவின் கல்யாணத்தில் பொம்பொனியேராவாகக் கொடுத்தது கண்ணாடி மணி. தொமேனிக்காவுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்ததால் விருந்துக்கு வரவில்லை. ஆனால் பரிசு அனுப்பியிருந்தாள். வராமல் பரிசு அனுப்பியவர்களின் வீட்டுக்குப் பொம்பொனியேராவைக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் முறை. கொடுத்துக்கொண்டே வந்ததில் கடைசியில் ஒரு வீட்டுக்கு மணி இல்லை. அந்த வீடு தொமேனிக்காவின் வீடு. அடுத்த வாரம் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றார்கள். அடுத்த வாரம் அடுத்த மாதமானது. பிறகு கொடுக்கப் போவதே வெட்கமாகிவிட்டது. ஈஸ்டர் பூசையில் தொமேனிக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சரி, நானும் திருப்பிக்கிறேன் என்று அசுந்தாவும் திருப்பிக்கொண்டாள். அவ்வளவுதான் நடந்தது.

இப்போது அசுந்தாவின் ஏப்ரன் பைக்குள் ரொசல்பாவின் கல்யாண அழைப்பிதழ் இரண்டு வாரமாக இருக்கிறது. உறையின்மேல் தொமேனிக்காவின் பெயரைக் கொசிமோ தன் கையால் எழுதியிருந்தான். "நீயே குடு, தெனமும் அவ மூஞ்சியத்தான பாக்கிற" என்றான். உறையின் ஒரு மூலை திராட்சைச் சாறு பட்டுப் பழுப்பாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் வெடித்தது. கடைந்த மொச்சையும் கசப்புக்கீரையும் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன. ரொசல்பா சாப்பிடாமல் எழுந்துபோய், கூடத்துக் கண்ணாடி அலமாரியைத் திறந்து நின்றாள். ஏறக்குறைய முப்பது வருஷத்துப் பொம்பொனியேராக்கள் அதில் வரிசையாக இருந்தன. பீங்கான் செருப்பு, படிக அன்னம், வெள்ளிச் சட்டத்துக்குள் யாரோ இருவரின் பெயர், கூடை, கிண்ணம், மூன்று தேவதைகள்.

"பத்து வயசுலேருந்து சனிக்கிழம சனிக்கிழம இதயெல்லாம் தூசி தட்டுறவ நான். இந்தச் செருப்பு யார் குடுத்தது?"

"அது... உங்கப்பாவோட வேலை பாத்தவரு மக."

"பேரு?"

"பேரு எதுக்குடீ இப்ப?"

"உனக்கே பேரு தெரியல. நாளைக்கு எண்பது வீட்டுல என் ஆந்தை ஒக்காந்திருக்கும். எண்பது பொண்ணுங்க தூசி தட்டிட்டு எம்பேரு தெரியாம திட்டுவாங்க. அதுக்கு நான் ஒரு குளிர்காலம் நடுங்கணும்."

"குடுத்தா யாருக்கும் ஞாபகம் இருக்காதுடீ. குடுக்காம விட்டாத்தான் இருக்கும்." அசுந்தா கரண்டியைத் தட்டில் போட்டாள். "ஒரே ஒரு வீடு விட்டுப்போச்சு. இருபத்தேழு வருஷமா எதிர்ல நிக்கிறா. தெனமும் ஒம்பது மணி நேரம். உனக்குத் தெரியுமா அது எப்பிடி இருக்கும்னு?"

"அப்ப ஒருநாள் போயி ஒரு மணிய வாங்கிக் குடுத்துட்டு வந்திருக்கலாமே."

"உனக்குப் புரியாது."

"எனக்குப் புரியுது. அதான் கடுப்பா இருக்கு. ஒரு மணி குடுக்கப் போறதுக்கு உனக்கு வெக்கம், அந்த வெக்கத்துக்கு நான் எண்பது ஆந்தை வாங்கணும்." ரொசல்பா அலமாரிக் கதவைச் சாத்தினாள். உள்ளே அத்தனையும் ஒருதரம் கிணுகிணுத்து அடங்கின. "ஆந்தை வந்தா நான் சர்ச்சுக்கு வரமாட்டேன். முனிசிபாலிட்டியில ரெண்டு சாட்சி வெச்சுக் கையெழுத்துப் போட்டுட்டு, கொதிகலன் வாங்கிட்டு வீட்டுக்குப் போயிருவேன். ரோக்கோகிட்ட சொல்லிட்டேன்."

"ரோக்கோ என்ன சொன்னான்?"

"எங்கம்மாகிட்ட நீயே சொல்லிருன்னான்."

கொசிமோ தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனான். "நீங்க ஏதாவது சொல்லுங்களேன்" என்று அசுந்தா கத்தினாள். "மொச்சைக்கு உப்புப் பத்தல" என்றது உள்ளேயிருந்து குரல்.

செவ்வாய்க்கிழமை மேஸ்திரி கொட்டகைக்கு நடுவில் நின்று கையைத் தட்டினான். நல்ல பழம் வரத்துக் குறைந்துவிட்டது, இரண்டு பெல்ட் ஓட்ட முடியாது, ஒன்றை நிறுத்துகிறோம், அதில் நிற்கிறவர்களுக்கு இனி இரண்டிரண்டு பேராக மேசையில் உட்கார்ந்து வேலை, ஒருத்தி நறுக்க, ஒருத்தி அடுக்க. எண்ணிக்கொண்டே வந்து, யோசிக்காமல், அசுந்தாவையும் தொமேனிக்காவையும் ஒரு மேசைக்கு அனுப்பினான். "மாதாவே" என்று நினேத்தா வாய்க்குள் முணுமுணுத்தாள்.

முதல் ஒரு மணி நேரம் நறுக்கிய குலையை அசுந்தா மேசையில் வைப்பாள், தொமேனிக்கா எடுப்பாள். கை படாத அளவுக்கு இடைவெளி. பிறகு ஒரு குலையைத் தொமேனிக்கா திருப்பி இவள் பக்கம் தள்ளினாள். உள்ளே பொளந்த பழம் இருந்ததாம். அசுந்தா நறுக்கிக் கொடுத்தாள். அடுத்ததும் திரும்பி வந்தது. அதற்கடுத்ததும். நான்காவது குலை திரும்பி வந்தபோது அசுந்தா கத்தரியை மேசையில் போட்டாள்.

"என்ன பழுது இதுல? வாயத் தொறந்து சொல்லேன்."

தொமேனிக்கா நிமிர்ந்து பார்த்தாள். "காம்புகிட்ட ரெண்டு பொளந்திருக்கு. கண்ணு தெரியலன்னா கண்ணாடி போட்டுக்க."

குரல் அசுந்தா நினைத்திருந்ததைவிடக் கட்டையாக இருந்தது. அடுத்த மேசையில் நினேத்தா குலையைத் தூக்கியபடியே உறைந்துபோனாள்.

"இத்தனைக்கும் அந்த மணிதான காரணம்" என்றாள் அசுந்தா. ஆரம்பித்தாகிவிட்டது, இனி நிறுத்த முடியாது. "தீந்துபோச்சு. வேணும்னு செய்யல. எங்க மாமியா அடுத்த வாரம் வாங்கலாம்னாங்க, வாங்கல. அதுக்கு ஒரு மனுஷி இருபத்தேழு வருஷம் மூஞ்சியத் திருப்புவாளா? ஒரு கண்ணாடி மணிக்கு?"

"எனக்கு எதுக்கு மணி? நான் என்ன ஆடா?"

"பின்ன?"

"நான் ஒனக்கு என்ன குடுத்தேன்?" என்று கேட்டாள் தொமேனிக்கா.

அசுந்தா நினைவில் துழாவினாள்.

"காப்பிக் கோப்பை. ஆறு. தங்கக் கோடு போட்டது. எம் புருஷனுக்கு வேலை இல்லாத வருஷம், மாசாமாசம் கடனுக்கு வாங்குனது. பஸ்ஸுல வரையில ஒண்ணுக்குக் காது ஒடஞ்சிருச்சு. பசை போட்டு ஒட்டி, அத அடியில வெச்சு அனுப்புனேன். எல்லாருக்கும் மணி வந்துச்சு, எனக்கு வரல. சரி, பாத்துட்டாங்க. ஒட்டுன கோப்பைய அனுப்பிச்சவளுக்கு எதுக்கு மணின்னு விட்டுட்டாங்கன்னு நெனச்சேன். அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சு ஒன்னப் பாக்குறது? நீ சிரிச்சா அதத்தான் நெனச்சுச் சிரிக்கிறன்னு தோணும். பேசாம இருந்தா அதுக்குத்தான் பேசலன்னு தோணும்."

கொட்டகைக்கு வெளியே லாரி பின்னால் வரும் சத்தம் கேட்டது. எங்கேயோ ஒரு பெட்டி சரிந்தது. இன்னும் அந்தக் கோப்பைகள் வீட்டில் இருக்கின்றன என்று சொல்லிவிட அசுந்தாவுக்கு நாக்குவரை வந்தது. சொல்ல முடியவில்லை. தங்கக் கோடு போட்ட கோப்பை எதுவும் அவள் நினைவில் இல்லை.

"எனக்கு ஞாபகமே இல்ல தொமேனிக்கா" என்றாள். "ஒடஞ்சத நாங்க யாரும் பாக்கவே இல்ல."

தொமேனிக்காவின் முகம் சிவந்துவிட்டது. இவ்வளவு கோபத்தை அசுந்தா இருபத்தேழு வருஷத்தில் ஒருநாளும் அந்த முகத்தில் கண்டதில்லை.

"ஞாபகமே இல்லையா? நான் இத்தன வருஷமா வெக்கப்பட்டுச் செத்துக்கிட்டு இருக்கேன், ஒனக்கு ஞாபகமே இல்லையா?"

"நான் மட்டும் என்ன, நிம்மதியா இருந்தனா?"

"ரெண்டு பேரும் பைத்தியம்" என்றாள் நினேத்தா. "மேஸ்திரி வாரான், கத்தரிய எடுங்க."

எடுத்தார்கள். ஒரு பெட்டி நிறைந்ததும் அசுந்தா ஏப்ரன் பையிலிருந்து கறை படிந்த உறையை எடுத்து மேசையில் வைத்தாள். தொமேனிக்கா கையைத் துடைத்துவிட்டு, பிரித்து, உதட்டசைத்துப் படித்தாள்.

"சனிக்கிழமையா. வர முடியாது. சனிக்கிழம எம் புருஷனுக்கு ரத்தம் சுத்தம் பண்ண பாரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். வாரத்துல மூணு நாள்." மடித்து மார்புக்குள் வைத்துக்கொண்டாள். "வேணும்னு செய்யல."

அன்று மாலை அசுந்தா ஆந்தையைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு நேராக இம்மகொலாத்தாவின் வீட்டுக்குப் போனாள். முகம் கழுவக்கூட இல்லை.

"ஆந்தை வேணாம் சம்பந்தி. வலையில அஞ்சு பாதாம், ஒரு ரிப்பன், நம்மளே கட்டிருவோம். வர்றவங்களுக்குக் கையில குடுப்போம். வராதவங்க வீட்டுக்கு நானே நடந்து போயிக் குடுக்கிறேன், ஒரு வீடு விடாம. மிச்சக் காசு கொதிகலனுக்கு."

"ஊர்ல என்ன பேசுவாங்கன்னு யோசிச்சீங்களா?"

"பேசட்டும். பேசாம இருக்கிறதுதான் கஷ்டம்."

இம்மகொலாத்தா பெட்டியை வாங்கவில்லை. கை கட்டி ஜன்னல் பக்கம் நின்றாள். "உங்களுக்குச் சொல்லுறதுக்கு என்ன" என்றாள் கடைசியில். "உங்க அலமாரி மாதிரி என்கிட்டயும் ஒண்ணு இருக்கு, அறுபது எழுபது தேறும். எல்லாம் மத்தவங்க குடுத்ததுதான். நான் ஓடிப்போயிக் கல்யாணம் பண்ணவ. விருந்து இல்ல, வெள்ளை உடுப்பு இல்ல. விடியக்காலம் ஆறு மணிக்குப் பக்கவாட்டுச் சாமி பீடத்துல வெச்சு முடிச்சு அனுப்பிட்டாரு பாதிரியாரு. இந்த ஊர்ல யாருக்கும் நான் ஒரு பாதாம்கூடக் குடுத்ததில்ல. எனக்கு ஒரே பையன். இத விட்டா எனக்கு வேற கல்யாணம் கெடையாது."

அசுந்தாவுக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு பேச்சுக்கு வந்த இடத்தில் இன்னொன்று முளைக்கிறது. இதை முதல்நாளே சொல்லியிருந்தால் என்ன? எல்லோரும் எதையாவது மார்புக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு ஆந்தையைப் பற்றியும் மணியைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆனாலும் அவளால் அந்த ஜன்னலோரத்து முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அப்ப உங்க பக்கத்துக்கு மட்டும் உங்க காசுல வாங்கிக்குங்க" என்றாள். "ரொசல்பா கிட்ட நான் பேசிக்கிறேன்."

ரொசல்பா கத்தினாள். ஒரு மேசையில் ஆந்தையும் அடுத்த மேசையில் வலைப்பையும் இருந்தால் மானம் போகும் என்றாள். போகட்டும் என்றாள் அசுந்தா. அவளுக்கு மானத்தைப் பற்றி யோசிக்கத் தெம்பில்லை. வியாழக்கிழமை மாலை மேசையைச் சுற்றி உட்கார்ந்து பைகளைக் கட்டினார்கள். கொசிமோவுக்கு ரிப்பன் முடிச்சு வரவில்லை, கொடிக்குப் போடுகிற முடிச்சாகவே போட்டான். யாராலும் அவிழ்க்க முடியாத முடிச்சு. இம்மகொலாத்தாதான் நன்றாகக் கட்டினாள். கட்டிக்கொண்டே, வலை மட்டம், ரிப்பன் மட்டம், பாதாமும் போன வருஷத்துப் பாதாம் மாதிரி இருக்கிறது என்றாள்.

கல்யாணம் நடந்தது. ரொசல்பா பயந்தபடியே அசுந்தா பக்கத்து விருந்தாளிகள் சிலர் கைத்துண்டைத் தூக்கி அடியில் ஆந்தை இருக்கிறதா என்று தேடினார்கள். கொசிமோவின் மூத்த அக்கா எழுந்துபோய் இம்மகொலாத்தாவிடமே கேட்டுவிட்டாள். இம்மகொலாத்தா அன்றைக்கு வந்தவர்களிலேயே நிமிர்ந்து நடந்தவள், பையைத் திறந்து தன் பங்கிலிருந்து ஒன்றை எடுத்து அவளுக்குக் கொடுத்தாள். ரோக்கோ சிரித்துச் சிரித்து மதுவைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். ரொசல்பா அவனை முறைத்துவிட்டு, பிறகு அவளும் சிரித்தாள். கொதிகலன் வெள்ளிக்கிழமையே வந்து பொருத்தியாகிவிட்டது.

வராதவர்கள் பதினொரு வீடு. திங்கட்கிழமை வேலை முடிந்ததும் அசுந்தா துணிப்பையை மாட்டிக்கொண்டு புறப்பட்டாள். கார் அனுப்புகிறேன் என்ற ரொசல்பாவிடம் வேண்டாம் என்றாள். பத்து வீட்டிலும் வாசலிலேயே கொடுத்து, இரண்டு முத்தம் வாங்கித் திரும்பினாள். தொமேனிக்காவின் வீடு கடைசி. மலைச்சரிவில், ஐம்பது படிக்கு மேலே. மூச்சிரைக்க ஏறிக் கதவைத் தட்டினாள்.

"நடந்தா வந்த?"

"பின்ன, நினேத்தாகிட்டக் குடுத்தா அனுப்புறது?"

தொமேனிக்கா உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். கட்டிலில் படுத்திருந்த கணவன் கையை மட்டும் உயர்த்தினான். அசுந்தா வலைப்பையைக் கொடுத்தாள். தொமேனிக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அலமாரியில் வைப்பாள் என்று அசுந்தா நினைத்தாள். அவள் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து, பாதாமைத் தட்டில் கொட்டி, தட்டை நடுவில் நகர்த்தினாள்.

"தின்னு. வெச்சு நான் என்ன பண்ண, எறும்பு வரும்."

தின்றார்கள். தொமேனிக்கா பேசத் தொடங்கினாள். கணவனின் சிறுநீரகத்தைப் பற்றி, பாரி பஸ்ஸைப் பற்றி, மருமகள் பாத்திரத்தைச் சோப்புப் போகாமல் அடுக்குவதைப் பற்றி, மேஸ்திரியின் தம்பி யாரைக் கட்டினான், அது ஏன் கட்டக்கூடாத இடம் என்பதைப் பற்றி. வெளிச்சம் மங்கியது. அசுந்தா இரண்டு முறை எழுந்தாள், இரண்டு முறையும் தொமேனிக்கா முழங்காலைப் பிடித்து உட்காரவைத்தாள். இருபத்தேழு வருஷத்துப் பேச்சு, ஒன்றுவிடாமல் சேர்த்துவைத்திருந்தாள்.

அடுத்த வருஷம் ஜூலையில் கொட்டகை திறந்தபோதும் அவள் நிறுத்தவில்லை. காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் குலை குறைந்தாலும் வாய் குறையாது. அசுந்தாவுக்குத் தலைவலி வராத நாளே இல்லை. தைலம் தடவிக்கொண்டு வருவாள். மூன்றாவது வாரம் மேஸ்திரி வந்து, வாசல் பக்கத்துப் பெல்ட்டில் ஓர் இடம் காலி, காற்று வரும், மாறிக்கொள்கிறாயா என்று கேட்டான்.

அசுந்தா எதிரே பார்த்தாள். தொமேனிக்கா பேச்சை நடுவில் நிறுத்திவிட்டு, கையில் பிடித்த குலையை வைக்காமல் நின்றாள்.

"எனக்கு இங்கயே காத்து வருது" என்றாள் அசுந்தா. பிறகு தொமேனிக்காவைப் பார்த்து, "ம், அப்புறம் அந்த டாக்டர் என்ன சொன்னான், சீக்கிரம் சொல்லு" என்றாள்.